கோல்பேக்கிற்குள் மாறி: ஓர் எல்லைத் தகராறின் வரலாறு

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில், நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பத்தே நாட்களில் எழுதினார். அதில் ‘வார்’ என்று அறிவிக்கப்படும் மாறி, தான் பிறந்த சார்பு முழுவதும் செல்லுபடியாகும். மாறியை அது அறிவிக்கப்பட்ட தொகுதிக்குள் மட்டும் அடக்கும் தொகுதி எல்லை அல்கோல் 60 மொழியிலேயே இருந்தது; இதில் இல்லை. பின்னர் வந்த குழப்பங்களில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான்.

மொழியின் முதலாவது நியமம் 1997 ஜூனில் வெளிவந்தது. 1999இல் வந்த மூன்றாம் பதிப்பு, சார்பை நினைத்த இடத்தில் எழுதி இன்னொரு சார்பிடம் ஒப்படைப்பதை நியமமாக்கியது. இப்படி ஒப்படைக்கப்படும் சார்பான கோல்பேக் பெருகியது, தகராறும் தலைதூக்கியது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்ற மூன்று பெயர்கள் ஒரு பட்டியலில் இருப்பதாகக் கொள்வோம். அவற்றை ஒரு விநாடி கழித்துக் காட்டும்படி, ‘வார்’ எண்ணியைக் கொண்ட சுற்றுக்குள் கோல்பேக் எழுதினால் ஒரு பெயரும் வராது. பெறுமதி இல்லை எனப் பொருள்படும் ‘அன்டிஃபைன்ட்’ என்பதே மூன்று முறையும் வரும். கோல்பேக் எண்ணியின் அப்போதைய பெறுமதியைப் பிரதி எடுப்பதில்லை. எண்ணியையே பிடித்து வைத்திருக்கிறது. கோல்பேக் இயங்கும்போது சுற்று முடிந்து எண்ணி 3 ஆகியிருக்கும். பட்டியலின் இடங்களோ 0 முதல் 2 வரைதான். சார்பு தன்னைச் சூழ்ந்த மாறிகளை இப்படிப் பிடித்திருப்பது பிழையன்று. 1975இன் ஸ்கீம் மொழியிலிருந்து வந்த அருமையான பண்பு அது. பழுது, மூன்று சுற்றுக்கும் ஒரே எண்ணி இருந்ததில்.

செய்நிரலாளர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சார்பை எழுதி உடனேயே இயக்கி, பெறுமதியை அதற்குள் பூட்டினார்கள். சார்பு எந்தப் பொருளுக்காக இயங்குகிறதோ அதைச் சுட்டும் ‘திஸ்’ கோல்பேக்கிற்குள் வேறொன்றைச் சுட்டியதால், அதை முன்கூட்டியே ‘செல்ஃப்’ என்ற மாறியில் சேமித்தார்கள். 2009இல், ஜாவாஸ்கிரிப்டைச் சேவையகத்தில் இயக்கும் நோட் வந்து அங்கும் கோல்பேக்கைப் பரப்பியபோது இவை எழுதாத சட்டங்களாகவே ஆகிவிட்டன.

நியமத்தின் 2015 ஜூன் பதிப்பு முறையான தீர்வு தந்தது. அதில் வந்த ‘லெட்’ என்ற அறிவிப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறியை உண்டாக்குகிறது. அம்புக்குறிச் சார்பு வெளியிலுள்ள ‘திஸ்’ஸையே ஏற்கிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் கணினிப் பொறியியலும் கற்பிக்கப்படுகிறது. இவ்விடங்களில் ஜாவாஸ்கிரிப்ட் கற்போர் ‘லெட்’டில் தொடங்கினாலும் பழைய வழக்கங்களை அறிந்திருப்பது அவசியம். பழைய இணையப் பக்கங்கள் முறிந்துவிடும் என்பதால் ‘வார்’ இன்றுவரை மொழியிலிருந்து நீக்கப்படவில்லை.