நாணலும் குளநெல்லும்

கோ 205 கரும்பு. கோ 31 நெல். இரண்டு பெயரிலும் முன்னால் நிற்கும் ‘கோ’ கோயம்புத்தூரைக் குறிக்கும். கரும்பு இனப்பெருக்க நிலையமும் நெல் ஆராய்ச்சி நிலையமும் அங்கே தொடங்கியது ஒரே ஆண்டில், 1912இல். ஊரும் ஆண்டும் ஒத்துப்போனதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். இரண்டின் பெற்றோரிலும் ஒன்று காட்டுச்செடி என்பதை அப்படி விட மனம் வரவில்லை.

கரும்பின் பக்கம் அந்தக் காட்டுறவு நாணல்: ஆற்றங்கரையில் தானே முளைப்பது, மெலிந்த தண்டு, சாறு என்று சொல்ல ஒன்றுமில்லை. நெல்லின் பக்கம், ஒரைசா பெரென்னிஸ் என்று அன்று வழங்கிய பல்லாண்டுக் காட்டுநெல். நம் குளநெல்லின் இனம். மணி முற்ற முற்ற உதிர்ந்துவிடும். வயலுக்குள் வந்தால் உழவர் இரண்டையும் களை என்றே பிடுங்குவார். மறுபக்கத்துப் பெற்றோரோ சீராட்டி வளர்க்கப்பட்டவை: பருத்துச் சாறு நிறைந்த ‘வெள்ளை’க் கரும்பு, கிச்சிலிச் சம்பா என்று சமையலறை அறிந்த ஜிஇபி 24.

வெள்ளைக்கரும்பு வடஇந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்காது. கரும்பு நிலையத்தின் பார்பரும் வெங்கட்ராமனும் நாணலிடம் தேடியது அந்தத் தாங்குதிறனை. கோ 31 பெயர் பெற்றதும் வறட்சியைத் தாங்குவதற்காகவே. இங்கே எனக்கு நெல்லின் பக்கமே வியப்பு மிகுதி. ஈரத்தில் வாழும் செடியிடம் போய் வறட்சிக்கு வழி கேட்பதா? ஆனால் நம் குளங்கள் ஆண்டு முழுதும் நிறைந்திருப்பதில்லையே. தண்ணீர் வற்றுவதையும் பார்த்துப் பழகிய இனம் அது.

கலப்புச் செய்யும் கைவேலையில் இரண்டும் பிரிகின்றன. நெற்பூவில் மகரந்தப்பைகள் ஆறு. பூ விரியுமுன் உமியின் நுனியைக் கத்தரித்து, ஆறையும் இடுக்கியால் எடுத்து, கதிருக்கு உறை மாட்டி, மறுநாள் மற்றதன் மகரந்தத்தைத் தூவ வேண்டும். இத்தனை பாட்டுக்கும் பூவுக்கு ஒரு மணிதான். கரும்புப் பூவோ மிகப் பொடியது, ஒரு பூங்கதிரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அங்கே இடுக்கிக்கு வேலையில்லை; மகரந்தம் வளமற்ற கரும்பைத் தாயாக்கி, அதன்மேல் தந்தையின் பூங்கதிரை உதிர்த்தால் போதும்.

பங்கீட்டிலும் அப்படியே. நெல்லுக்கும் அதன் காட்டுறவுக்கும் குரோமோசோம்கள் 24. பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி. கரும்பில் தாய் தன் 80ஐயும் முழுதாகக் கொடுத்துவிடுகிறது; 64 உடைய நாணல் பாதியான 32ஐத் தருகிறது; கோ 205க்கு ஆக 112. காட்டின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. நல்ல செடி ஒன்று கண்ணில் பட்டதும் கரணை வெட்டி நட்டே பெருக்கிவிடலாம், குணம் மாறாது. 1918இல் பஞ்சாபுக்குப் போன கோ 205, அங்கிருந்த ‘கத்தா’ கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது.

நெல்லுக்கு இந்தச் சலுகை கிடையாது. இரண்டாம் தலைமுறையிலேயே குணங்கள் சிதறிவிடும். ஒரு செடியில் மணிக்கு நீண்ட வால், இன்னொன்றில் சிவந்த அரிசி, வேறொன்றில் கதிரை உருவிப் பார்க்கும்போதே மணிகள் காலடியில். வரிசை வரிசையாக நடந்து கழித்து, மிஞ்சியதை மீண்டும் விதைத்து, ஆறேழு தலைமுறை பொறுத்தால்தான் குணம் நிலைக்கும். கோ 205இன் புகழ் பெரிது, அதற்குத் தகுதியும் உண்டு. உழைப்பை நிறுத்தால் மட்டும் கோ 31இன் தட்டே தாழ்கிறது.

இன்று பயிராகும் கரும்பு ஏறக்குறைய அனைத்திலும் நாணலின் கலப்பு உண்டு. நெல்லில் காட்டின் கை அவ்வளவு நீளவில்லை. கடையில் ஐஆர் 20 கேட்டு வாங்கும் வீட்டுக்கு, டிகேஎம் 6 என்ற நெல்லின் வழியாக ஜிஇபி 24இன் வாரிசு வந்து சேர்கிறது. அதே ஜிஇபி 24 குளநெல்லோடு சேர்ந்து பெற்ற பிள்ளையின் கிளை, அந்தத் தூரம் படரவில்லை.