தடுத்தவர் இல்லாத செய்தி: கிட்டி ஜெனோவீஸ் கொலையும் இதழியலின் விடுபடல்களும்

1964 மார்ச் 13 அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு, நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியிலுள்ள கியூ கார்டன்ஸில், வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் வெளியிட்டது. சட்டத்தை மதிக்கும் குடிமக்கள் 38 பேர் அரைமணி நேரத்துக்கு மேல் அக்கொலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர், தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூடக் காவல்துறையை அழைக்கவில்லை என்றது அச்செய்தி. உளவியல் பாடநூல்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

அச்செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் பலமுறை நிறுவிவிட்டனர். அதிலிருந்து யார் விடுபட்டார் என்பதே இங்கு என் அக்கறை. வன்முறையைத் தடுக்க முனையும் சாதாரண மக்களை ஊடகங்கள் கண்டுகொள்வதில்லை என்ற குறை பழையது. கவனக்குறைவு என்று சொல்லி அதைக் கடந்துவிட முடியாது. குற்றச்செய்தி உருவாகும் முறையே அவர்களை வெளியே நிறுத்துகிறது.

அன்றிரவு நடந்ததைப் பார்ப்போம். முதல் குத்து விழுந்ததும் மேல்மாடிச் சன்னலிலிருந்து ஒருவர், அந்தப் பெண்ணை விடு என்று அதட்டினார். கொலையாளி வின்ஸ்டன் மோஸ்லி ஓடிவிட்டான். சுமார் பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, கட்டடத்தின் பின்புற வாசலுக்குள் விழுந்து கிடந்தவரை மறுபடி குத்தினான். பெரும்பாலான சன்னல்களிலிருந்து அந்த இடம் தெரியாது. தகவல் அறிந்த சோஃபியா ஃபாரர் என்ற அண்டைவீட்டுப் பெண் படியிறங்கி ஓடினார். கொலையாளி அங்கேயே இருக்கிறானா என்பது அவருக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை கிட்டியைக் கையில் தாங்கியிருந்தார். சோஃபியாவின் செயலுக்கு டைம்ஸ் செய்தியில் இடமில்லை. சன்னலிலிருந்து எழுந்த அதட்டலுக்கு இடமிருந்தது, ஆனால் அந்த ஒரு வரியின் பொருளைச் செய்தியின் தொனியே விழுங்கிவிட்டது.

இன்னொன்றும் உண்டு, பாடநூல்கள் இதைச் சொல்வதேயில்லை. ஒரு வாரத்துக்குள் மோஸ்லி குயின்ஸிலேயே ஒரு வீட்டிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிச் சென்றான். சந்தேகப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் மற்றொருவரிடம் விசாரித்தார். அவ்வீட்டார் குடிபெயரவில்லை என்று தெரிந்ததும் காவல்துறைக்குத் தகவல் போனது. அதற்குள் இரண்டாமவர் அவனுடைய காரின் இயந்திரத்திலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி, அது கிளம்பாதபடி செய்துவிட்டார். பிடிபட்டவன் கொலையை ஒப்புக்கொண்டான். அண்டைவீட்டாரின் அலட்சியத்துக்கு உலகம் முழுவதும் சான்றாகக் காட்டப்படும் வழக்கு, அண்டைவீட்டார் இருவர் தலையிட்டதால்தான் துலங்கியது!

38 என்ற எண் எங்கிருந்து வந்தது? நகரக் காவல் ஆணையர் மைக்கேல் மர்ஃபி, டைம்ஸின் ஆசிரியர்களில் ஒருவரான ரோசந்தாலிடம் மதிய உணவின்போது சொன்னது அது. இதில்தான் சிக்கல் இருக்கிறது. குற்றச்செய்தியின் முதல் ஊற்று எங்கும் காவல்துறையே. வழக்குக்கோப்பு குற்றத்தை நிறுவுவதற்காக எழுதப்படுகிறது. அதில் குற்றவாளி உண்டு, பாதிக்கப்பட்டவர் உண்டு. இடையில் புகுந்து தடுத்தவர் சாட்சிகளில் ஒருவராகச் சுருங்கிவிடுகிறார். செய்தியின் அளவுகோலும் அவருக்கு எதிரானது. இறந்தோர் எண்ணிக்கையை வைத்துச் செய்திக்கு இடம் ஒதுக்கப்படும்போது, எவ்வளவு விரைவாகத் தாக்குதலைத் தடுக்கிறாரோ அவ்வளவுக்குச் செய்தி சிறுக்கிறது.

மக்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள்? ரிச்சர்ட் ஃபில்பாட் குழுவினர் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 பொதுவிட மோதல்களை ஆராய்ந்தனர். பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். கூட்டம் கூடக்கூட யாரேனும் உதவும் வாய்ப்பும் கூடியது. ஜெனோவீஸ் செய்தியால் தூண்டப்பட்டு உளவியலாளர்கள் லத்தானேயும் டார்லியும் 1968 முதல் வெளியிட்ட சோதனைகள் இதனால் செல்லாமல் போய்விடவில்லை. அவர்கள் அளந்தது கூட்டத்திலிருக்கும் தனிமனிதரின் தயக்கத்தை. பாதிக்கப்பட்டவருக்கு உதவி கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

தடுப்பவர்களை ஊடகம் கண்டுகொள்வதில்லை என்ற குறையை அமெரிக்காவில் உரக்கச் சொல்வோர் துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள். ஆயுதம் ஏந்திய குடிமக்களின் துணிவை ஊடகம் மறைக்கிறது என்பது அவர்கள் வாதம். எஃப்.பி.ஐ. 2014இல் வெளியிட்ட அறிக்கை வேறு கணக்குச் சொல்கிறது. 2000 முதல் 2013 வரை நடந்த 160 துப்பாக்கிச்சூட்டுச் சம்பவங்களில் 21ஐ முடிவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆயுதமற்ற குடிமக்கள். காவல்துறையைச் சாராத ஆயுததாரிகள் எதிர்த்துச் சுட்டு முடிவுக்கு வந்தவை 5. அவற்றிலும் நான்கில் சுட்டவர்கள் பாதுகாப்புப் பணியாளர்கள். ஆக, ஊடகங்களும் அவற்றைக் குறைசொல்வோரும் மறந்தது வெறுங்கையோடு பாய்ந்தவர்களைத்தான்.

வீரர்களை ஊடகங்கள் கொண்டாடுவதில்லையா என்று கேட்கலாம். கொண்டாடுகின்றன, தமக்கு வசதியானவர்களை. 2015 ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ் சென்ற தாலிஸ் ரயிலில் துப்பாக்கியோடு வந்தவனை மடக்கிய மூன்று அமெரிக்க நண்பர்கள் பிரான்சின் உயரிய விருது பெற்றனர். கிளின்ட் ஈஸ்ட்வுட் எடுத்த படத்தில் அவர்களாகவே நடித்தனர். அவர்களுக்கு முன்பே துப்பாக்கியைப் பறிக்க முயன்று குண்டடிபட்ட பேராசிரியர் பின்னணிக்குப் போய்விட்டார். 2019 நவம்பரில் லண்டன் ஃபிஷ்மாங்கர்ஸ் மண்டபத்தில் கத்தியோடு வந்தவனைப் பலர் சேர்ந்து எதிர்த்தனர். கடற்பாலூட்டி ஒன்றின் நீண்ட தந்தத்தால் போலந்துத் தொழிலாளி தாக்கினார் என்று ஏடுகள் எழுதித் தள்ளின. உண்மையில் அவர் கையிலிருந்தது ஒரு கம்பு. தந்தத்தை ஏந்தியவர் ஓர் அரசு ஊழியர். தணியாத பரபரப்பில் விவரம் சரிபார்க்கப்படவில்லை.

நியூயார்க் டைம்ஸ் தன் 1964ஆம் ஆண்டுச் செய்தி குறைபாடுடையது என்று 2016இல் எழுதியது. எங்கே? மோஸ்லி சிறையில் இறந்தபோது வெளியிட்ட இரங்கல் குறிப்பில். சோஃபியா ஃபாரருக்கு அதே ஏட்டில் தனிக்குறிப்பு கிடைத்தது 2020இல், 92 வயதில் அவர் இறந்த பிறகு. நம் உளவியல், இதழியல் வகுப்புகளில் 38 சாட்சிகளின் கதையை நடத்துவோர் அவர் பெயரையும் சேர்த்தே நடத்த வேண்டும்.