ஆளுநர்

‘ஆள்’ என்னும் வினையடியோடு ‘நர்’ விகுதி சேர்ந்த பெயர்ச்சொல். ஓட்டுநர், இயக்குநர் போல. ‘ஆளுனர்’ என எழுதுவது பிழை. மலேசியாவில் சுல்தான் இல்லாத மலாக்கா, பினாங்கு, சபா, சரவாக் மாநிலங்களின் தலைவரைத் தமிழில் இப்படி அழைக்கிறோம். மலாயில் ‘யாங் டி-பெர்துவா நெகிரி’. ‘துவா’ மூப்பைக் குறிக்கும். ‘நெகிரி’ சமஸ்கிருத ‘நகரி’யின் வழி வந்தது.

பெயரிலே ஆளுகை இருந்தாலும் அன்றாட நிர்வாகம் முதலமைச்சர் (சரவாக்கில் பிரிமியர்) கையில். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் துணை ஆளுநரும் தேர்தலில் நின்றே வரவேண்டும். இங்கே அப்படியில்லை. 2021 நவம்பர் 20 அன்று செங் முதல் ஜாசின் வரை மலாக்கா மக்கள் தேர்ந்தெடுத்தது 28 சட்டமன்ற உறுப்பினர்களையே. ஆளுநரை நியமிப்பவர் மாமன்னர், முதலமைச்சரைக் கலந்தாலோசித்து. பதவிக்காலம் 4 ஆண்டு.