இரண்டு முறை விடிந்த பயணம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் அடுத்த மாதமே ஜாவாவும் ஜப்பானியர் வசமாயின. ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் இடையிலான விமானப் பாதை அறுந்தது. அதுவரை கடல்விமானங்கள் சிங்கப்பூர், இந்தியா, எகிப்து என்று வழிநெடுக இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு போய்வந்தன. இனி இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டினால்தான் உண்டு.

1943-இன் நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் அதற்குத் துணிந்தது. பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றில் கிளம்பி, இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரியில் இறங்க வேண்டும். தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர். கையிலிருந்ததோ மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்த கேட்டலீனா கடல்விமானங்கள்.

அவற்றின் உடம்பிலிருந்து தேவையற்றதையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். மிச்சமான எடையை எரிபொருள் விழுங்கியது. ஒரு பயணத்துக்குச் சுமார் 9,000 லிட்டர். பயணிகளுக்கு மூன்றே இடம், கடிதப் பைகளுக்கு 69 கிலோ. எதிரிக்குத் துப்பு கிடைத்துவிடும் என்பதால் வானொலியில் பேசக்கூடாது. இரவு முழுக்க விண்மீன்களைப் பார்த்தே திசை கணித்தார்கள். ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயரையே சூட்டியிருந்தார்கள். ஸ்பைகா, அன்டாரெஸ், ஆல்டேர் என்ற மூன்றும் நம் பஞ்சாங்கத்தின் சித்திரை, கேட்டை, திருவோணம். மற்றவை வீகா, ரைஜல்.

பயணம் 27 மணி நேரத்துக்குக் குறையாது. எதிர்க்காற்று அடித்தால் 32 மணி நேரத்தையும் தொடும். வழியிலேயே இரண்டு தடவை பொழுது விடிந்துவிடும். வந்திறங்கிய பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்' என்று பொறித்த சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 வரை 271 தடவை கடலைக் கடந்த அந்தக் கேட்டலீனாக்களில் ஒன்றுகூட விபத்தில் சிக்கவில்லை.

போர் முடிந்து, 1947 டிசம்பரில் சிட்னி–லண்டன் 'கங்காரு வழி' தொடங்கியபோது கான்ஸ்டலேஷன் விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று ஆறு இடங்களில் இறங்கி, நான்கு நாளில் போய்ச் சேர்ந்தது. 2018 மார்ச்சில் போயிங் 787 பெர்த்திலிருந்து புறப்பட்டு எங்கும் நிற்காமல் லண்டனை அடைந்தது. சுமார் 14,500 கிலோமீட்டருக்குப் பிடித்த நேரம் 17 மணிக்கும் சற்று அதிகம். அன்று கொக்கல வந்துசேர ஆன நேரத்தில் இன்று லண்டனைத் தொட்டுவிட்டுப் பாதி வழி திரும்பியும் விடலாம்.

இருந்தும் இரு நகரங்களுக்கு இடையிலான தூரத்தை உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்துவிட்டால் மட்டும் கணக்கு முடிவதில்லை. நடுவில் எந்த நாட்டு வானம் திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்டில் மேற்காசியாவில் பதற்றம் முற்றியபோது ஈரான் வான்பகுதியைத் தவிர்க்க நேர்ந்தது. சுற்றுவழிக்கு எரிபொருள் போதாமல், பெர்த்–லண்டன் விமானம் சில காலம் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனது.