பழைய பள்ளிக் கட்டடங்களின் பசுமைச் சீரமைப்பு (புதுச்சேரி)

பயன்பாட்டிலுள்ள பழைய பள்ளிக் கட்டடத்தை இடிக்காமல், அதன் வெப்பம், மின்செலவு, நீர்ச்செலவு ஆகியவற்றைக் குறைக்கும் வகையில் செப்பனிடுவது பசுமைச் சீரமைப்பு எனப்படும். புதுச்சேரியில் இதற்கு ஏற்ற பழைய கட்டடங்களுள் ஒன்று மிஷன் வீதியிலுள்ள கல்வே கல்லூரிக் கட்டடம். கல்வே சுப்பராயச் செட்டியார் பெயர் தாங்கிய இந்தப் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி இயங்குகிறது.

இத்தகைய கட்டடங்களின் உயர்ந்த கூரை, தடித்த செங்கல் சுவர், தூண் தாழ்வாரம் ஆகியவை வெயிலைத் தாமே தடுப்பவை. இவற்றின் கூரை ‘மெட்ராஸ் தளம்’ என்னும் முறையில் அமைவது: மர உத்தரங்களின் மேல் சிறுசெங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லி கொட்டி இடித்து, தட்டோடு பதிப்பர். பழுதான இடத்தில் சிமெண்ட் பூசுவது தவறு: அது ஈரத்தை உள்ளே அடைத்து உப்பு பூக்கச் செய்து, சுவரை உதிர்க்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியேற விடும். சுண்ணாம்பு தயாரிக்க வெப்பமும் குறைவாகவே தேவை: சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் வெந்துவிடும். சிமெண்டுக்கு 1,450 பாகை வேண்டும்.

புதுச்சேரியின் கதிர்காமம் போன்ற பகுதிகளிலுள்ள கான்கிரீட் பள்ளிக் கட்டடங்களுக்கோ வெண்ணிறக் கூரைப்பூச்சு, நிழல்மரம், சூரிய மின்தகடு, வடகிழக்குப் பருவமழை நீர்ச் சேகரிப்பு ஆகியவை பொருந்தும்.