கல்கத்தாவின் நேட்டிவ் டாக்டர்கள்

சாந்த்ராகாச்சியில் என் கடையில் மூட்டை தூக்கும் வங்காளித் தம்பி, காய்ச்சல் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான். தெருமுனையில் ஊசி போடுகிறவரிடம்தான் போவான். இங்கே அவரை 'ஹாத்துடே டாக்டர்' என்பார்கள்; நம்மூரில் போலி டாக்டர் என்போம். "அவருகிட்ட ஏம்ப்பா போறே?" என்று கேட்டால், "நான் சொல்றதை அவரு உக்காந்து கேக்கறாரு" என்கிறான். இந்தப் பதிலுக்குப் பின்னே ஒரு நீண்ட சரித்திரம் உண்டு.

1822-இல் கும்பெனியார் கல்கத்தாவில் 'நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிட்யூஷன்' என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். தருமத்துக்காக அல்ல, பட்டாளத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. வெள்ளைக்கார டாக்டருக்குத் துணையாக இருபது மாணவர்களுக்கு இந்துஸ்தானியிலேயே பாடம் நடந்தது. இவர்களே 'நேட்டிவ் டாக்டர்கள்'. பள்ளித் தலைவராக இருந்த டைட்லர், சுதேச மொழியே போதும் என்றார். பாதிரியார் டஃப், ஆங்கிலமே வேண்டும் என்றார். 1835-இல் பெண்டிங் பிரபு பள்ளியை மூடி, ஆங்கிலத்தில் மெடிக்கல் காலேஜ் திறந்தார். டைட்லர் தோற்றார் என்றுதானே நினைக்கிறோம்? நாலே வருஷத்தில், 1839-இல், அதே காலேஜில் இந்துஸ்தானி வகுப்பு வந்துவிட்டது! 1852-இல் வங்காளி வகுப்பும் வந்தது. இது 1873-இல் சியால்தாவில் தனி மெடிக்கல் ஸ்கூலாயிற்று; கேம்பல் மெடிக்கல் ஸ்கூல் என்று பெயர்பெற்றது அதுவே. இன்றைய நீல்ரத்தன் சர்க்கார் ஆஸ்பத்திரி அதுதான்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்ததும், 'கெமிஸ்தம்' முதலான நூல்களைத் தமிழில் தந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கன. ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்று நால்வகைத் தானம் சொல்வது எங்கள் சமண மரபு. கிரீன் செய்ததில் கடைசி இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இந்த வரிசையில் வந்தவர்களே எல்.எம்.பி. டாக்டர்கள். 1946-இல் போர் கமிட்டி எண்ணிப் பார்த்தபோது, நாட்டில் பதிவான சுமார் 47,500 மருத்துவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் இத்தகையோர். இனி ஒரே தரம், ஒரே பட்டம் என்று கமிட்டி முடிவு சொல்லிற்று. நோக்கம் நல்லதுதான். ஆனால் எம்.பி.பி.எஸ். படித்தவர் கிராமத்துக்குப் போகவில்லை. காலியான நாற்காலியில் ஹாத்துடே டாக்டர் வந்து உட்கார்ந்தார்.

அமெரிக்காவில் 1965-இல் டியூக் பல்கலைக்கழகம், கடற்படையில் மருத்துவ உதவி செய்து பழகியவர்களைச் சேர்த்து 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' படிப்பைத் தொடங்கியது. கும்பெனிக்காரன் புத்தியேதான், திசை மட்டும் வேறு: இங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள், அங்கே பட்டாளத்திலிருந்து எடுத்தார்கள். சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் 1992-இல் இப்படிப்பைக் கொண்டுவந்தது. படித்தவர்கள் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளோடு நின்றுவிட்டார்கள்.

வங்காளத்தில் நடந்தது வேறு. பீர்பூம் மாவட்டத்தில் லிவர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, பட்டமில்லாத இந்த டாக்டர்களையே கூப்பிட்டு, ஒன்பது மாதத்தில் 150 மணி நேரம் பாடம் சொல்லிற்று. அபிஜித் பானர்ஜி முதலிய பொருளியலறிஞர்கள் இதைச் சோதித்து 2016-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பயின்றவர்கள் நோயாளியைப் பார்க்கும் முறை கணிசமாகத் திருந்தியது. அரசு டாக்டருக்கும் இவர்களுக்கும் இருந்த இடைவெளி பாதியாயிற்று. தேவையில்லாத ஆன்டிபயாடிக் கொடுப்பது மட்டும் குறையவில்லை. அவர் பீஸ் வாங்குவது சொற்பம், மருந்து விற்றுத்தான் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது.