சீனிவாசன், எம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கருவிழி மருத்துவர், ஆய்வாளர். அதன் இயக்குநராகவும் இருந்தவர். வைகை அணைக்கு இருபுறமும், கம்பம் பள்ளத்தாக்கிலும் வயல்வேலை செய்வோர் கண்ணில் நெல்தாளோ உமியோ கீறுவது அன்றாட நிகழ்வு. அந்தக் கீறலில் தொற்று ஏறினால் கருவிழிப் புண். முற்றினால் பார்வையே போகும். 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை இவரது குழு ஆராய்ந்து 1997இல் வெளியிட்டது. பாக்டீரியாவுக்கு ஏறக்குறைய நிகராகப் பூஞ்சையும் காரணம் என்றது அக்கட்டுரை. பாக்டீரியாவையே முதன்மைக் காரணமாகக் கொள்ளும் குளிர்நாடுகளின் பாடநூலை வைத்து இங்கே மருந்து எழுத முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பின்னர் சான்பிரான்சிஸ்கோவின் புரோக்டர் கண் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, பாக்டீரியப் புண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டுமருந்து உதவுமா என்று 500 பேரிடம் சோதித்தார். மொத்தத்தில் பார்வை கூடவில்லை என்றது 2012 முடிவு. பயன் இல்லை என்று நிறுவுவதும் பெரிய வேலைதான். பூஞ்சைப் புண்ணுக்குப் புதிய மருந்தான வொரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசினே மேல் எனக் காட்டிய 2013 ஆய்வை, அதே மருத்துவமனையின் வெங்கடேஷ் பிரஜ்னா முன்னின்று நடத்தினார். கீறல் பட்டவுடன் ஊரிலேயே களிம்பு தடவிப் புண்ணைத் தடுக்கும் திட்டத்தையும் மதுரை மாவட்டக் கிராமங்களில் சீனிவாசன் சோதித்தார்.